சுகந்தி ஓட்டினால் மட்டும்

ஜூலை 6, ஞாயிறு

வண்டி அடைக்கிறது.

இதை எழுதத்தான் இந்த டைரியை எடுத்தேன். புத்தாண்டுக்குக் கம்பெனியில் கொடுத்தது, ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. நான் பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு. ஒரு மோட்டார் சரியாக ஓடவில்லையென்றால் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை உடனே எழுதிவிட வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றுகிறவன் கடைசிவரை எது கோளாறு என்று தெரியாமலே சாவான். வண்டிக்கும் அதே சட்டம்தான்.

மாசி மாதம் விழுந்த பிறகு சுகந்தி இன்றைக்குத்தான் ட்ராக்கில் இறங்கினாள். கிணத்துக்கடவு தாண்டி, பழைய கல்லுக்குழிக்குப் பக்கத்தில் மேடும் பள்ளமுமாக வெட்டிய மண் ட்ராக். வண்டி பழைய டூ-ஸ்ட்ரோக் ரோட்டு வண்டி. நானும் என் சிநேகிதன் காஜாவும் மட்கார்டைத் தூக்கி, ஷாக்கை உயர்த்தி, பட்டன் டயர் மாட்டி மண் வண்டியாக்கினோம். ஓட்டுவது என் மனைவி சுகந்தி. எனக்கு நேர் ரோட்டில் ஓட்டத் தெரியும், அது போதும்.

மாசியில் நடந்தது இதுதான். பெரிய மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு நீள இறக்கம். கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பரில் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கிறது. அதன் வழியாகக் காற்று புகுந்து, பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் குறைந்து, பிஸ்டன் சூடேறி அப்படியே பிடித்துக்கொண்டது. சீஸ் என்பார்கள். பின்சக்கரம் நின்றுவிட்டது. சுகந்தி நிற்கவில்லை. காறை எலும்பு முறிந்தது.

இப்போது கதை தலைகீழ். பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. மெக்கானிக் பாஷையில் ரிச். ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திருகும்போது பொடபொடவென்று திக்குகிறது, முழுசாகத் திருகினால் சீறிக்கொண்டு போகிறது. ப்ளக்கைக் கழற்றினால் ஈரக் கரி.

"வளைவுல இருந்து எந்திரிக்கறப்ப மூச்சு முட்டுது மாமா. இப்புடி இருந்தா அந்த நிவேதா புள்ள என்னைய ஓரங்கட்டிட்டுப் போயிரும்" என்றாள்.

ஆவணி முதல் தேதி பந்தயம். வினோதா மேடம் பார்க்க வருகிறார். அவருடைய டீமில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம் காலி. சுகந்திக்கு முப்பது நடக்கிறது. இந்த வருஷம் விட்டால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவளே சொல்லிவிட்டாள்.

இறக்கத்துக்கு முந்தின திருப்பத்தில் வேலியோரம் நின்றுதான் பார்த்தேன். அங்கே ஒரு வேப்பமரம் இருக்கிறது, நிழலுக்காக. ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டித்தான் போனாள். இறக்கம் அங்கிருந்து தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

குறிப்பு: இன்ஜினை மறுபடி கட்டும்போது, கொஞ்சமாகத் திருகும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டிருக்கிறேன். பாதுகாப்புக்கு.

ஜூலை 8, செவ்வாய்

ஏர் ஃபில்டரைக் கழுவினேன். அதில் ஆயில் அளவுக்கு மீறி ஊறிக் கிடந்தது. பிழிந்து, காயவைத்து மாட்டினேன். சுகந்தி வைத்த ரசத்தில் உப்பில்லை. சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவை கொஞ்சம் உயரமாக நின்றது. பெட்ரோல் மட்டம் ஏறினால் ரிச்சாக ஓடத்தானே செய்யும்! மிதவையின் நாக்கை இம்மியளவு வளைத்துச் சரிசெய்தேன். கழற்றிய சாமான்களை அவளுடைய டிபன் தட்டில் பரப்பி வைத்திருந்தேன்.

"ஏனுங்க, நாளைக்கு நான் இதுல இட்லி திங்கறதா, இல்ல பெட்ரோல் குடிக்கறதா?" என்றாள்.

"நல்லாக் கழுவித் தர்றேன் அம்மிணி."

"கழுவி நீங்களே வச்சுக்கோங்க. எனக்குப் புதுத் தட்டு வேணும்."

உடனே போய் எவர்சில்வர் கடையில் புதுத் தட்டு வாங்கி வந்தேன். மிதவை கச்சிதம்.

ஜூலை 13, ஞாயிறு

அடைக்கிறது.

மரத்தடியில் நின்று கேட்டேன். முதல் சுற்றிலிருந்தே அதே பொடபொட. அவள் இறங்கியதும் நானே ஏறி ஒரு சுற்று போனேன். மேடுகளில் தாண்டவெல்லாம் இல்லை, ஓரமாக உருட்டினேன். வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது! கொஞ்சமாகத் திருகினாலும் சரி, கூட்டினாலும் சரி, ஒரு திக்கல் இல்லை.

இறங்கி வந்து, "எனக்கு நல்லாத்தான ஓடுது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"அப்புடிச் சொல்லலை புள்ள. என்ற வெயிட்டு கூட, அதனால..."

"வெயிட்டு கூடன்னா வண்டி இன்னும் அடைக்கணும். டெஸ்டிங் பிரிவாமா!"

காஜா சிரித்தான். அவனுக்கு உக்கடத்தில் ஒர்க்‌ஷாப், ஆறாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. அவனுடைய குட்டியானை டெம்போவில்தான் வண்டியை ஏற்றிக்கொண்டு வருகிறோம். சுகந்தி தண்ணீர் குடிக்கப் போனதும் என்னைப் பார்த்து, "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்க எதுக்குடா காயுது? ஓட்டுறது அவ. நீ ஏன் மாப்ள இப்புடி வேர்த்து ஊத்தற?" என்றான்.

வெயில். வேறென்ன.

ஜூலை 14, திங்கள்

சுகந்தி பேசவில்லை. தோசை மட்டும் வந்தது.

பல்லடத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். இந்த மாதிரி டூ-ஸ்ட்ரோக் மண் வண்டி தேடிக்கொண்டிருக்கிறாராம், கொடுப்பீர்களா என்றார். பந்தயம் முடியட்டும், பார்க்கலாம் என்றேன். சுகந்தியிடம் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் ஒன்றுமில்லை.

ஜூலை 16, புதன்

வேலை முடிந்து காஜா ஒர்க்‌ஷாப். கிராங்க் சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை தள்ளும் என்று அவனுக்குச் சந்தேகம். பிரித்துப் பார்த்தோம். சீல் புதுசு போலவே இருக்கிறது, கியர் ஆயிலும் அளவு குறையவில்லை. காற்றை உள்ளே விடும் ரீட் வால்வின் இதழ்களில் ஒரு கீறல் இல்லை. பெட்ரோலில் ஆயில் கலந்த அளவும் சரி.

அப்புறம் அவன் பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து நம்பரைப் படித்தான்.

"எதுக்குடா பெரிய ஜெட்டு?"

"பாதுகாப்புக்கு."

"யாரு பாதுகாப்புக்கு?"

"இன்ஜினுக்குத்தான். காத்துக் கூடினாத்தான சீஸ் ஆகும்? கொஞ்சம் ரிச்சா இருந்தா ஆபத்தில்ல."

"ரப்பர் புதுசு, பிஸ்டன் புதுசு. இனி எதுக்கு சீஸ் ஆகுது? கம்பெனி போட்ட ஜெட்டைப் போடு. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையாத."

காஜாவுக்கு எப்போதும் வாய் அதிகம். வேலை முடியும்போது கடை சாத்தும் நேரமாகிவிட்டதால் ஜெட்டை இன்றைக்கு மாற்றவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. தேங்காய் சுட்டோம். மதியத்துக்கு மேல் மழைத்தூறல், ஜெட்டை மாற்ற முடியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கம்பெனியில் ஆடிட். ஜெட்டை மாற்றவில்லை.

ஜூலை 19, சனி

ஜெட்டை மாற்றியாயிற்று. சுகந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத ஏன் மாமா இத்தன தடவ கீழ போடறீங்க?" என்று கேட்டாள். சின்ன சாமான், வழுக்குகிறது என்றேன்.

காரமடை வரை ஓட்டிப் பார்த்தேன். அற்புதம். ப்ளக் டீ நிறத்தில் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் ப்ளக் அந்த நிறத்தில் வந்தால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. ரங்கநாதர் வழியில்தான் இருக்கிறார் என்பதால் சும்மா உள்ளே போய்விட்டு வந்தேன். அர்ச்சனை யார் பேருக்கு என்று ஐயர் கேட்டார். சுகந்தி, ரேவதி நட்சத்திரம் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

அடைக்கிறது! அவள் ஓட்டினால் அடைக்கிறது. ப்ளக் மறுபடி ஈரக் கரி. நேற்று டீ, இன்றைக்கு மை. நான் ஏறி உருட்டினால் கிளி மாதிரி பேசுகிறது. எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

வண்டி எடுக்கும் முன் நான் வழக்கமாகச் செய்வது இவ்வளவுதான்: சோக்கை அமுக்கிவிட்டு, பெட்ரோல் திறந்து, ஓர் உதை. அவளும் அதைத்தான் செய்கிறாள்.

"கார்புரேட்டரையே மாத்திருங்க மாமா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அவிநாசியிலிருந்து அம்மா போன் செய்து, "ஆடி மாசத்துல அவள எதுக்குடா அந்த மண்ணுல உருட்டற?" என்றாள். நான் உருட்டவில்லை, அவள்தான் உருளுகிறாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 26, சனி

சுகந்தி டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போயிருந்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். கணபதியில் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் சொல்லித் தருவதுதான் அவள் வேலை. மைதானத்தில் ஒரு பேங்க் அம்மா ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு, விட்டால் பறந்துவிடும் என்பதுபோல நின்றிருந்தார்.

"பயமா இருக்குதுங்க மேடம்."

"பயத்தையெல்லாம் வூட்லயே பூட்டி வச்சுட்டு வந்தரோணும். இங்க வண்டி நிறுத்த மட்டுந்தான் எடம் இருக்குது. எடுங்க, எடுங்க!"

மைதானமே சிரித்தது. அந்தம்மாவும் சிரித்துக்கொண்டே இரண்டு வட்டம் ஓட்டிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. மாசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட இவள் வாயிலிருந்து பயம் என்ற சொல் வரவில்லை.

தயிர்சாதம் சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: "ஏன் மாமா, நீள எறக்கத்துல ஆக்சிலேட்டர முழுசா மூடிட்டா, இன்ஜினுக்கு ஆயிலே போகாதுல்ல?"

நல்ல கேள்வி! டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் போகிறது, பெட்ரோலை மூடினால் ஆயிலும் நின்றது மாதிரிதான் என்று விளக்கினேன். அதனால்தான் பழைய ஆட்கள் மலையில் இறங்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வார்கள், கூடுதலாகப் பெட்ரோலும் ஆயிலும் உள்ளே போகும் என்றும் சொன்னேன். நம் ட்ராக் இறக்கத்துக்கெல்லாம் அது தேவையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். இன்ஜின் விஷயத்தில் அவள் இவ்வளவு அக்கறையாகக் கேட்பது நல்லதுதான்.

ஜூலை 27, ஞாயிறு

இன்றைக்கு மரத்தடியை விட்டுவிட்டு இறக்கத்துக்குக் கீழே போய் நின்றேன். எங்கே அடைக்க ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டும், அதற்காகத்தான். மாசிக்குப் பிறகு அந்த இடத்துக்கு நான் போகவில்லை. புல் முளைத்திருக்கிறது.

மேட்டு உச்சியில் வண்டி தெரிந்தது. இறங்க ஆரம்பிக்கும் முன் அவளுடைய இடது கை ஹேண்டில்பாரை விட்டுக் கீழே போய், டாங்குக்கு அடியில் எதையோ தொட்டு, மறுபடி மேலே வந்தது. கண்மூடித் திறப்பதற்குள். எல்லாச் சுற்றிலும் அப்படியே. என்னைப் பார்த்த சுற்றில் கை இரண்டு தடவை போயிற்று. கீழே வளைவில் வண்டி அடைத்துத் திணறி, குதித்துக் குதித்து எழுந்து போனது. இதுவரை பார்த்ததிலேயே இன்றைக்குத்தான் மோசம்.

பெட்ரோல் குழாயைத் தொட்டிருப்பாள். அல்லது கையில் பிடிப்பு.

ஜூலை 28, திங்கள்

கம்பெனியில் நாள் முழுக்க அந்தக் கைதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. டாங்குக்கு அடியில் இடது பக்கம் கார்புரேட்டர். கார்புரேட்டரில் சோக் லீவர்.

வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்தேன். லீவரைப் பாதி தூக்கிவிட்டுக் கொஞ்சமாகத் திருகினேன். அதே பொடபொட. அச்சு அசல்.

ஆகவே லீவரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. மேடுகளில் குதிக்கும்போது அதிர்ச்சியில் தானாக மேலே ஏறுகிறது, அவள் கையால் கீழே அமுக்குகிறாள். கண்டுபிடித்தாயிற்று!

ஜூலை 30, புதன்

சோக்குக்குப் புது ஸ்பிரிங். இரண்டு விரலால் இழுத்தால்தான் வருகிறது. இனி அதிர்ந்து ஏறாது. வண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். லீவர் அசையவில்லை.

காஜாவிடம் போனில் சொன்னேன். "பழைய ஸ்பிரிங்கு நல்லாத்தான இருந்துச்சு மாப்ள" என்றான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு போனோம். வண்டி அடைத்தது. சாதம் அப்படியே திரும்பி வந்தது.

திரும்பும்போது காஜாவுக்கு வேறு சோலி இருந்ததால் குட்டியானையை சுகந்திதான் ஓட்டினாள். பின்னால் வண்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கிணத்துக்கடவு தாண்டினோம். நான் கேட்டேன்.

"சோக்கு தானா ஏறுதா, அம்மிணி?"

ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினாள். ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டாள்.

"இல்ல. நான்தான் இழுக்கறேன்."

அவளே பேசினாள். "அந்த மேட்டு மேல ஏறுனா கீழ எறக்கம் தெரியறதுக்கு முன்னாலயே கை தானாப் போயிருது மாமா. ஆக்சிலேட்டர மூடுனா ஆயில் நின்னுருமே, மறுபடியும் புடிச்சுக்குமேன்னு. இழுத்தா கொஞ்சம் தெம்பு. அப்பறம் வளைவுல அதை அமுக்கோணும்ங்கற நெனப்பே வர்றதில்ல. புது ஸ்பிரிங்கு போட்டீங்களே, இன்னிக்கி வெரலே வலிக்குது."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"எப்புடிச் சொல்றது? நாள் பூராம் ஊரு பொம்பளைங்களுக்கெல்லாம் பயப்படாதீங்க பயப்படாதீங்கன்னு சொல்றவ நானு. எனக்கே பயம்னா சிரிக்க மாட்டாங்களா? அதுவும் போக, உங்ககிட்டச் சொன்னா வண்டிய வித்துருவீங்க."

"நான் எதுக்கு விக்கறேன்?"

"பல்லடத்துக்காரரு எனக்கும் போன் பண்ணுனாருங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில், "கஷ்டமா இருந்தா நிறுத்திக்கலாமே புள்ள. யாரு என்ன சொல்லப் போறாங்க?" என்றேன். கெஞ்சுவது போல வந்துவிட்டது.

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் கணீரென்றுதான் இருந்தது.

"பயமா இருக்குதுன்னுதான் சொன்னேன். புடிக்கலைன்னு சொன்னனா?"

சுந்தராபுரத்தில் இளநீர் குடித்தோம். அவள் என் இளநீரையும் சேர்த்துக் குடித்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன். சோக்கைக் கம்பி வைத்துக் கட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், கைய நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஜெட், மிதவை, ஃபில்டர் எதையும் இனித் தொடப்போவதில்லை. வண்டியில் குறையே இல்லை. இந்த ஒரு மாதம் நான் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே ஏதாவது பழுதாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பழுதைக் கழற்றிப் போட்டுவிடலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கம்பெனியில் ஸ்டாக் எடுக்கிறார்கள், லீவு கிடைக்கவில்லை. காஜாவும் சுகந்தியும் போய்விட்டு வந்தார்கள். காஜா ப்ளக்கை ஒரு துணியில் சுற்றி, மாப்பிள்ளைக்குத் தாம்பூலம் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்தான். டீ நிறம்!

"ஒரு லேப்புல கூட அடைக்கல. பொண்ணு பறந்துட்டா. நீ பாத்திருக்கணும் மாப்ள."

நான்தான் இல்லையே. மனம்விட்டுப் பேசியதில் அவளுக்குச் சரியாகிவிட்டது போலிருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு மாதம் நான் நின்று வெயிலில் கருகியபோது வராதது நான் இல்லாத அன்றைக்கா வரவேண்டும்?

ஆகஸ்ட் 16, சனி

ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், முழங்கால் உறை, கழுத்துப் பட்டை எல்லாம் பார்த்தேன். சாப்பிட்டு வந்து இன்னொரு முறை பார்த்தேன். சுகந்தி படுத்தவுடன் தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஆவணி ஒன்று. நல்ல கூட்டம். பெண்கள் பிரிவில் எட்டுப் பேர். வினோதா மேடம் தொப்பி போட்டுக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்டார்ட்டிங் லைனில் நான் சுகந்தியின் ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தேன். கையுறையைப் பார்த்தேன். வாரை மறுபடி இழுத்தேன். அவள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரையும் வெளியே போகச் சொன்னதும் ஓடிப்போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன்.

கொடி விழுந்தது. முதல் சுற்றில் என்னைத் தாண்டும்போது ஆறாவதாக வந்தாள். கீழே வளைவிலிருந்து வந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பொடபொட. இரண்டாவது சுற்றில் ஏழாவது. நிவேதா முதலில் பறந்துகொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேனாம். எனக்கு நினைவில்லை, காஜா சொன்னது.

காஜா என் தோளைப் பிடித்தான். "டேய், வா. டீ குடிக்கலாம்."

"இப்பவா டீ?"

"நீ கம்பிய முறுக்குனா அங்க வண்டி போயிருமா? வாடா!"

தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். டீக்கடை ஒரு லாரிக்குப் பின்னால். அங்கிருந்து ட்ராக் தெரியாது, சத்தம்தான் வரும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். எட்டு வண்டிச் சத்தத்திலும் எங்கள் வண்டியை எனக்குத் தெரியும். மூன்றாவது சுற்றில் மேடு ஏறியது. இறங்கியது. வளைவு வந்தது. திக்கல் இல்லை. துணி கிழிக்கிற மாதிரி ஒரே இழுப்பில் எழுந்து போயிற்று. நான்காவது சுற்றிலும் அப்படியே.

நான் திரும்பி ஓடப் பார்த்தேன். காஜா சட்டையைப் பிடித்துக்கொண்டான். "உக்காருடா. டீக்கு சொல்லியாச்சு." முதல் டீ அப்படியே ஆடை படிந்திருந்தது, இவன் இரண்டாவது சொல்லியிருக்கிறான்.

மூன்றாவதாக முடித்தாள். நிவேதா முதல்.

ஓடிப் போனபோது வினோதா மேடம் சுகந்தியோடு பேசிக்கொண்டிருந்தார். "முதல் ரெண்டு லேப்பு ஓட்டுனது யாரு, நீதானா? கடைசி மூணு லேப்புல நிவேதாவை விட உன்னோட டைம் கம்மி. அதுக்காகத்தான் கூப்புடுறேன். வர்ற மாசத்துலேர்ந்து வா. ஆனா ஒண்ணு. என் டீமுல வண்டிய எங்க மெக்கானிக்தான் பாப்பாங்க. வீட்டுக்காரர், அண்ணன், தம்பி யாரும் வண்டி பாக்குற பிட்டுக்குள்ள வரக்கூடாது. எல்லாருக்கும் அதே ரூல்தான்."

நான் வாயைத் திறந்தேன். பம்ப்செட் கம்பெனி டெஸ்டிங்கில் இருக்கிறேன் என்பதையாவது சொல்லலாம் என்று. அதற்குள் சுகந்தி, "சரிங்க மேடம்" என்றுவிட்டாள். ஒரு மூச்சுக்கூட யோசிக்கவில்லை.

சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்றினேன். காஜா விசிலடித்தான். எல்லாம் உண்மை. ஆனால் அந்த 'சரிங்க மேடம்' முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. வண்டியை ஏற்றிக் கட்டும்போது கேட்டுவிட்டேன்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லியிருக்கலாமே. இத்தன நாளா வண்டியப் பாத்தது நான்தான?"

அவள் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். என் பக்கத்தில் வந்து, புழுதிக் கையாலேயே என் கன்னத்தைத் தொட்டாள்.

"மாமா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எறக்கத்தப் பாத்து எனக்குப் பயம் வந்தது மாசியில. அது எப்பவோ பாதி கொறஞ்சு போச்சு. ஒவ்வொரு லேப்புலயும் அந்த மரத்தடியில உங்க மூஞ்சிய பாக்கறேன் பாருங்க, எழவு வூட்டுக்கு வந்தவராட்ட, அப்பத்தான் கை சோக்குக்குப் போவுது."

காஜா டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் கேட்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தான். இவனுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

"அப்ப நான் எங்க நிக்கட்டும்?" என்றேன்.

"எங்க வேணா நில்லுங்க. கண்ணுல மட்டும் பட்டுராதீங்க."

ஆகஸ்ட் 18, திங்கள்

எனக்குப் பயம். மாசியிலிருந்து ஒரு நாள்கூட அது போகவில்லை. இன்றைக்கு எனக்கு லீவு. அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். "தெரியும் மாமா" என்றாள், "மதியானத்துக்குப் புளிக்கொழம்பு வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க" என்றாள், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். தெரு முனை திரும்பும் வரை நான் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தேன்.